சூட்கேசில் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம்

துணைநூல் எதுவும், அது மேசைக்கு வந்து சேர்ந்த நாளுக்கு முன்பே ஒரு பாத்திரம் ஆட்டத்தில் ஈட்டிக்கொண்ட உரிமையைப் பாதிக்காது. மூலநூல், பதினோராம் அதிகாரம், கடைசிப் பத்தி. ஆங்கிலத்தில் இது இன்னும் சுருக்கமாக இருக்கும். நான்தான் தமிழில் கொஞ்சம் அரசாணை வாடையைக் கலந்துவிட்டேன். வேலைக்குப் போன நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை வருவாய்த்துறையில் கோப்பு தள்ளியவனுக்கு வேறு தமிழ் வராது. ஆனால் பொருள் மாறவில்லை. புது விதி பழைய பட்டாவைத் தொடாது, அவ்வளவுதான். இந்த விதி பொருந்தியிருக்க வேண்டிய ஓரிடத்தில் அதை யாரும் பொருத்தவில்லை.

போன வாரம் கீழவாசலில் பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தேன். எடை போடும்போது தராசின் எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். கடைக்காரருக்கு அது பிடிக்காது. எனக்கு அவரைப் பிடிக்காது. இந்த உறவு பல வருஷமாக நல்லபடியாக நடந்துவருகிறது. அன்றைக்கு அந்தப் புழுதிக்கும் அட்டைப்பெட்டி நாற்றத்துக்கும் நடுவில் எங்கிருந்தோ தலைவலித் தைலத்தின் வாடை வந்தது. போட்டித்தேர்வு வழிகாட்டிகளின் குவியலில் தடித்த அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. தலைப்பைத் திருப்பிப் பார்க்குமுன்பே என் மூக்கு அதைப் படித்துவிட்டது. அச்சகத்திலிருந்து தைலம் மணக்க வெளிவந்த புத்தகம் உலகில் கிடையாது. தஞ்சாவூரில் அப்படி மணக்கும் பிரதி ஒன்றுதான் இருக்க முடியும்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "வேணுமா சார்? படமெல்லாம் நல்லா இருக்கு. இல்லாட்டி அட்டையக் கிழிச்சுட்டுத்தான் எடைக்குப் போடணும்" என்றார்.

கிழிங்க என்றேன். கிழித்தார். கெட்டி அட்டை, லேசில் வரவில்லை. முழுக்கக் கிழிந்து முடிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உங்களுக்கு அந்த ஆட்டம் தெரியாமலிருக்கலாம். ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் நடுவர். மற்ற ஒவ்வொருவரும் ஒரு கற்பனை உலகத்து ஆளாகத் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும். வீரன், திருடன், மந்திரவாதி என்று. நடுவர் நடப்பதைச் சொல்வார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பலமுகக் கட்டைகளை உருட்டிப் பார்ப்பது. ஜெயிப்பது தோற்பது என்று கிடையாது. கதை வருஷக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், சிவில் வழக்கு மாதிரி. இதற்கு விதிகள் அடங்கிய மூலநூல் ஒன்று உண்டு. அதன்மேல் துணைநூல்கள் வந்துகொண்டே இருக்கும். மூலநூல் சட்டம் என்றால் துணைநூல்கள் அரசாணைகள். சட்டத்தை நம்பிப் பிழைக்கிறவனை அரசாணைகள் என்ன செய்யும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

நாங்கள் ஆடிய இடம் இலியாஸ் பாயின் பை, சூட்கேஸ் கடை மாடி. ஸ்டாக் வைக்கிற அறை. புது ரெக்சின் வாடை மூக்கில் ஏறி, முதல் அரைமணி நேரம் எல்லோருக்கும் லேசாகத் தலை சுற்றும். இலியாஸ் கூத்தாநல்லூர்க்காரர். சிங்கப்பூரில் ஒரு சாமான் கிடங்கில் இளமை முழுவதையும் கொடுத்துவிட்டு, விடுமுறை நாட்களில் அங்கே சக தொழிலாளிகளோடு கற்றுக்கொண்ட இந்த ஆட்டத்தையும் ஒரு பை நிறையக் கட்டைகளையும் கொண்டுவந்து சேர்ந்தவர். நடுவராக அவரைப்போல் கதை சொல்ல ஆள் கிடையாது. குறை ஒன்றே ஒன்று. யாரிடமும் இல்லையென்று சொல்ல மாட்டார். வியாபாரத்துக்கு அது நல்லது. நடுவருக்கு ஆகாது.

நான் சேர்ந்த கதை சின்னது. ஓய்வுபெற்ற மறுமாதம் வாங்கிய சூட்கேஸின் ஜிப் இரண்டே நாளில் வாயைப் பிளந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி மாடியேறினேன். மேலே நான்கு பேர் ஒரு கற்பனைக் கிணறு யாருக்குச் சொந்தம் என்று கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிணறு இருக்கிற நிலம் யாருடையது, அனுபவ பாத்தியதை எத்தனை காலம் என்று நின்றபடியே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னேன். அன்றைக்கே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சூட்கேஸை மட்டும் மாற்றித் தரவில்லை. எனக்குக் கிடைத்த பாத்திரம் மூட்டுவலியுள்ள ஒரு கிழட்டு மந்திரவாதி. நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மற்ற மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். அருள், வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜின் மேலாளர். ஞாயிறு மதியம் பஸ் பிடித்து வருவார். திருடனாக ஆடுவார், வந்ததும் பிளாஸ்கில் எவ்வளவு டீ இருக்கிறது என்று பார்ப்பார். ரகுநாதன், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். உர வியாபாரம். அவருடைய தாத்தா காலத்தில் ஆற்றின் இக்கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டியதெல்லாம் அவர்களுடையதாம். இப்போது கண்ணுக்கெட்டியதெல்லாம் மனைப்பிரிவு. ஆட்டத்தில் அவர் ஒரு குதிரைவீரன், சர் எட்வின். பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும், வாத்தியார் வருகைப்பதிவில் தன் பிள்ளை பெயரை வாசிப்பதுபோல.

செல்வராணி பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவு உதவிப் பொறியாளர். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம். அவர் அப்பாவைப் பெற்றவர் பண்ணையாளாக இருந்தவர், அப்பா சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர், மகள் அந்த நிலத்துக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவர். இதை அவர் என்னிடம் ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். ரகுவிடம் சொன்னதில்லை, ஆனால் ரகுவுக்குத் தெரியும். நம் பக்கத்தில் யார் எந்த ஊர், எந்தத் தெரு என்பது சொல்லாமலே தெரிந்துவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டமெல்லாம் பிற்பாடு வந்ததுதான்.

எல்லோரும் சீமைப் பெயர் வைத்துக்கொண்ட மேசையில் செல்வராணி தன் பாத்திரத்துக்குக் காத்தாயி என்று பெயர் வைத்தார். கூலிக்குச் சண்டை போடுகிற ஒருத்தி. கந்தல் உடையும் துருப்பிடித்த வாளுமாக ஆட்டத்துக்குள் வந்தாள். வருஷக்கணக்கான ஞாயிற்றுக்கிழமைகளில் காயம்பட்டு, கடன்பட்டு, பொக்கிஷம் ஒன்றை மீட்டுக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு ராஜாவிடமிருந்து யாருக்கும் வேண்டாத ஒரு சதுப்பு நிலத்தை வாங்கினாள். அதை ஊராக்கினாள். வடிகால் வெட்டினாள், கரை போட்டாள், மதகு வைத்தாள். செல்வராணி கிராப் தாளில் அந்த ஊரை வரைந்துகொண்டு வருவார். ஓட்டச் சரிவு, மண்ணின் தன்மை, குடிசைகள் இருக்கிற மேடு, எல்லாம். ஊருக்குப் படுகை என்று பெயர். நாங்கள் அரக்கர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது அவர் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தால் எங்கள் எல்லோரிடமும் தங்கம் இருந்தது, அவரிடம் மட்டும் ஒரு ஊர் இருந்தது. அதன்பிறகு ரகு முன்போல் சிரிக்கவில்லை.

அப்போதுதான் இலியாஸின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. ஒரு புத்தகம் கொண்டுவரச் சம்மதித்தாராம். ஒன்றே ஒன்று. அவருடைய சூட்கேசில் மாமியாருக்குத் தைலம், கொழுந்தியாவுக்குப் பால்பவுடர், தெருப் பிள்ளைகளுக்குச் சாக்லேட், யாருக்கோ டார்ச் லைட். ஒரு செங்கல் கனத்தில் இருக்கும் துணைநூலுக்கு அதில் இரண்டாவது இடம் கிடையாது. கடை நிறைய சூட்கேஸ் வைத்திருக்கிற மனிதருக்கு ஒரு சூட்கேசில் இடம் கேட்டு மன்றாட வேண்டிய நிலைமை.

மூன்று புத்தகங்கள் போட்டியில் இருந்தன. நாங்களே தமிழில் பெயர் வைத்திருந்தோம். ஆறுகளும் துறைகளும், அதைக் கேட்டது செல்வராணி. பேய் பிசாசுகளின் புத்தகம், அருளுக்கு. குலங்களும் கோட்டைகளும், ரகுவுக்கு. நான் வழக்கம்போல ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று தயாரித்துக்கொண்டு போனேன். பக்கம், பயன், பரிந்துரை என்று கட்டம் போட்டு. அருள் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

செல்வராணியின் வாதம் நேரானது. வெள்ளம் எப்போது வரும், மதகு என்ன தாங்கும், கரை எங்கே உடையும் என்பதற்கெல்லாம் மூலநூலில் ஒரு வரிகூட இல்லை. பாய் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். ஊர் என்று ஒன்று இருந்தால் தண்ணீருக்கு விதி வேண்டாமா என்றார். ரகு தன் பக்கத்துக்கு, "ராஜ்யம், கோட்டைன்னு ஆயிப்போச்சு. யாரு யாருக்குப் பொறந்தான்னு தெரியாம எப்படிங்க பட்டம் கட்டுறது? நாளைக்கு எவனாச்சும் கேட்டா?" என்றார். எவன் கேட்கப் போகிறான் என்று நான் கேட்டேன். ரகு அருளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது அருள் பேய்களைக் கைவிட்டிருந்தார். ஆட்டத்தில் அவருடைய திருடனுக்கு ஒரு சின்னப் பிரபு பட்டம் வாங்கித் தருவதாக ரகு பேசி முடித்திருந்தார். கேட்டதற்கு அருள், "பேயா இருந்தா என்ன, பிரபுவா இருந்தா என்ன சார், ரெண்டும் வேலை செய்யாம சாப்பிடுறதுதானே" என்றார். லாட்ஜ் நடத்துகிறவருக்கு இரண்டு வகையையும் தெரிந்திருக்கும்.

ஆக ஆற்றுக்கு நானும் செல்வராணியும், குலத்துக்கு அவர்கள் இருவரும். நடுவரின் வாக்கு மிச்சம். சமநிலை வந்தால் தலைமை வகிப்பவர் உள்ள நிலைமை மாறாதபடி வாக்களிக்க வேண்டும் என்பது எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும் மரபு. இலியாஸுக்கு அது தெரியாது. ரகுவின் முகத்தைப் பார்த்தார், செல்வராணியின் முகத்தைப் பார்த்தார், பிறகு சிரித்து மழுப்பினார்.

"ஆத்தப் பத்திப் படிக்க நமக்கு எதுக்கு தங்கச்சி புக்கு? வாசல்லயே ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், ஆற்றுக்கு வாக்குப் போட்டிருந்தாலும். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு வெளிநாட்டான் எழுதிய புத்தகமா? இந்தத் திமிர் நம் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும்தான் வரும். வறண்ட சீமையில் ஆடியிருந்தால் ஆற்றுப் புத்தகத்தைத்தான் வாங்கியிருப்பார்கள். செல்வராணி சிரிக்கவில்லை. அவர் ஆற்றை வாசலிலிருந்து பார்க்கிறவர் இல்லை.

புத்தகம் வந்தது. தைலப் புட்டி ஒன்று சூட்கேசுக்குள் உடைந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதன்மேல் மட்டும் வழிந்திருந்தது. பிரித்தால் பக்கம் பக்கமாக நெற்றிப்பொட்டு குளிர்ந்தது. முதல் அதிகாரத்திலேயே பிறப்புப் பட்டியல். கட்டையை உருட்டினால் உங்கள் பாத்திரம் எந்தக் குலத்தில் பிறந்தது என்று தெரியும். இலியாஸ், சும்மா ஒரு சுவாரசியத்துக்கு எல்லோரும் உருட்டுங்கள் என்றார். ரகுவுக்குக் கோமகனின் இரண்டாவது பிள்ளை என்று விழுந்தது. கட்டையை முத்தமிட்டார். அருள் வணிகர் வீடு. நான் ஒரு பூசாரிக்கு முறைகேடாகப் பிறந்தவன். என் அப்பா ஆசிரியர், நல்ல மனிதர். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

செல்வராணி உருட்டினார். பட்டியலின் கடைசி வரி. நிலத்தோடு கட்டுண்ட குடி. நிலத்தை விற்றால் கூடவே விற்கப்படும் ஆள் என்று கீழே விளக்கமும் போட்டிருந்தார்கள்.

இலியாஸ் அதைப் படித்துவிட்டு நிமிரவில்லை. ரகு எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நிதானமாக, டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கட்டைக்குக்கூட ஆளு அடையாளம் தெரியுது பாருங்க பாய்."

அருள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில், அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருமலாக்கினார். கீழே கடையில் யாரோ சூட்கேஸ் சக்கரத்தை உருட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது. நான் செல்வராணியைப் பார்த்தேன். அவர் கட்டையைக் கையில் எடுத்து அதன் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. அப்பறம் என்ன பாய் விதி?" என்று கேட்டார்.

விதி என்னவென்றால், கட்டுண்ட குடியில் பிறந்தவர் நிலம் வைத்திருக்க முடியாது. அவர் பெயரில் இருக்கும் நிலம் பக்கத்திலுள்ள உயர்குலத்தானுக்குப் போகும். பக்கத்தில் இருந்தது சர் எட்வின்.

நான் எழுந்தேன். பதினோராம் அதிகாரத்தின் கடைசிப் பத்தியை வாசித்துக் காட்டினேன். ஊர் முன்பே ஈட்டியது, துணைநூல் இன்றைக்கு வந்தது, முன்தேதியிட்டு அமலாக்க முடியாது என்றேன். ரகு தைலப் புத்தகத்தின் முன்னுரையைத் திருப்பினார். மூலநூலோடு முரண்பட்டால் இந்நூலே செல்லும் என்று அங்கே ஒரு வரி இருந்தது. "சார், இது தாலுக்கா ஆபீஸ் இல்ல" என்றார். இலியாஸ் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். இரண்டு விதிகள் முட்டிக்கொள்ளும்போது உரிய அதிகாரியிடம் தெளிவுரை கேட்க வேண்டும், அதுவரை உள்ள நிலைமை தொடர வேண்டும் என்றேன். தெளிவுரை கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதுவரை படுகை சர் எட்வினிடம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இடைக்கால ஏற்பாடாம். நான் பார்த்த இடைக்கால ஏற்பாடுகளில் பாதிக்குமேல் அதை ஏற்பாடு செய்தவர்களைவிட அதிக காலம் உயிர்வாழ்ந்தவை.

அன்று மாலையே புத்தகம் வெளியிட்ட வெளிநாட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, கேட்கப்படும் தெளிவுரை. ஆங்கிலத்தில் நான் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்தது. அடுத்த மாதம் நினைவூட்டு. அதற்கடுத்த மாதம் இரண்டாம் நினைவூட்டு. பதில் இல்லை.

மேசையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. ரகு துணைநூலை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். கட்டுண்டவள் மாளிகைக்குள் முன்வாசல் வழியாக வரக்கூடாது என்றார், பக்கம் காட்டினார். பிரபு கூட இல்லாமல் பாலத்தையோ மதகையோ தொடக்கூடாது என்றார், அதற்கும் பக்கம் காட்டினார். ஒருநாள், காத்தாயி ஏதோ சொல்ல வந்தபோது, கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முதல்ல ஆண்டேன்னு கூப்பிடணும்ல. பாத்திரத்துக்குள்ள இருந்து பேசணும், பாய் சொல்லுவாருல்ல?"

அந்தச் சொல்லைத் தைலப் புத்தகம் எழுதியவன் கேட்டிருக்கவே மாட்டான். அது ரகு வீட்டிலிருந்து கொண்டுவந்தது. நான் பாயைப் பார்த்தேன். பாய் கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வடக்கு வாய்க்கால்ல அடைப்பு இருக்குங்க ஆண்டே" என்றார் செல்வராணி. வானிலை அறிக்கை வாசிக்கிற குரல்.

வாரா வாரம் வந்தார். ஒரு ஞாயிறு தவறவில்லை. நானாயிருந்தால் முதல் நாளே எழுந்து போயிருப்பேன். மருத்துவ விடுப்பு போட்டிருப்பேன். ஸ்கூட்டியில் என்னை வீட்டில் இறக்கிவிடும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன், இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எதற்கம்மா வருகிறீர்கள் என்று. வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"நான் சம்பாதிச்ச ஊரு சார் அது. எவனோ எழுதுன பட்டியலுக்குப் பயந்து விட்டுட்டுப் போயிடுவேனா?"

பதில் சீக்கிரம் வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னேன். தலையாட்டினார். என் ஆறுதலைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டும் அது.

ஐப்பசி வந்தது. வெளியிலும் மழை, ஆட்டத்திலும் மழை. இலியாஸுக்கு அப்படிச் சேர்த்துச் சொல்லப் பிடிக்கும். படுகையில் கதிர் முற்றி நிற்கிறது. சர் எட்வின் மாளிகையில் விருந்து. அருளின் திருடனும் என் மந்திரவாதியும் விருந்தாளிகள். காத்தாயி கரைமேட்டில் குடிசைகள் பக்கம். இலியாஸ் குரலைத் தாழ்த்தி, மேலே ஏரி நிரம்பிவிட்டது, தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு நிற்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வடிகால் மதகைத் திறக்கச் சொல்கிறேன் என்றார் ரகு. யாரிடம் என்றார் இலியாஸ். யாராவது ஒரு ஆளிடம், இதையெல்லாமா நான் சொல்ல வேண்டும் என்றார் ரகு.

செல்வராணி என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு சந்தேகம். ஒருத்தர மாத்திட்டு இன்னொருத்தர் வந்து சீட்டுல உட்கார்ந்துட்டாரு. ஆனா சார்ஜ் ஒப்படைக்கல. சாவி யாரு பொறுப்பு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் பிறந்திருக்கிறேன். இரண்டு பேரும் கையெழுத்திட்டுப் பொறுப்பு மாற்றிக்கொள்கிறவரை பழையவரே பொறுப்பு, அதுவும் நேரில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும், சாட்சி இருப்பது நல்லது என்றேன்.

"அப்படின்னா மதகுச் சாவி காத்தாயிகிட்டதான் பாய் இருக்கு. பட்டத்த வாங்கிட்டாங்க. சாவிய யாரும் கேக்கவே இல்ல."

இலியாஸ் தைலப் புத்தகத்தைப் புரட்டினார். குலத்தைப் பற்றி எல்லாம் இருந்தது. குதிரைக்கு எப்படி லாடம் அடிப்பது என்றுகூட இருந்தது. மதகுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அதெல்லாம் நாங்கள் வாங்காத புத்தகத்தில் இருந்திருக்கும். சார் சொல்றபடியே வச்சுக்குவோம் என்றார்.

சரி, போய்த் திற என்றார் ரகு.

"பிரபு கூட இல்லாம மதகத் தொடக் கூடாதுங்க ஆண்டே. நீங்கதான் படிச்சுக் காட்டுனீங்க. நேர்ல வாங்க. சாவிய வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க, ஒப்படைச்சுடுறேன்."

ரகுவுக்கு எரிச்சல். வருகிறேன் என்றார். எட்வின் குதிரை ஏறினான். சாட்சிக் கையெழுத்துக்கு மந்திரவாதியும் கிளம்பினான். நான் விதி சொன்னதோடு நின்றிருக்கலாம். தனியாக இருக்கப் பயந்து திருடனும் வந்தான். எந்த வழியாக என்று செல்வராணி கேட்டார். நேர் வழியாக என்றார் ரகு. நேர் வழி கரையடிப் பள்ளத்தில் போகும் வண்டிப்பாதை. ரகு வரைபடத்தைப் பார்க்கவில்லை. அவர் வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் பார்க்க வேண்டியிருந்ததில்லை.

இலியாஸ் கட்டையை உருட்டினார். கரை தாங்கவில்லை. எங்கே உடைகிறது என்று சொல்ல அவரிடம் விதி கிடையாது. வரைபடத்தைப் பார்த்தார், பிறகு அதை வரைந்தவரைப் பார்த்தார்.

"நீயே சொல்லு தங்கச்சி. எங்க உடையும்?"

செல்வராணி விரலை வைத்தார். கரையடிப் பள்ளத்துக்கு நேர் மேலே.

"இங்கதான் பாய். மணல் மண்ணு."

"வேற எங்கயும் உடையாதா?" இலியாஸின் குரல் கெஞ்சியது.

"வேற எங்க உடைஞ்சாலும் குடிசைங்க இருக்கு."

நீந்திக் கரையேற ஆளுக்கு ஒருமுறை உருட்டினோம். கவசம் போட்ட குதிரைவீரன் முதலில் போனான். ரகு இன்னொருமுறை உருட்டக் கேட்டார், இலியாஸ் கொடுத்தார், அப்போதும் போனான். திருடன் எதையோ பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் மிதந்தான். மூட்டுவலிக்காரனுக்கு என்ன விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கற்பனைக் கிழவன் சாவதில் இவ்வளவு மூச்சுமுட்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"நான் உங்க பக்கம்தானேம்மா இருந்தேன்" என்றேன்.

"தெரியும் சார். நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க."

அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. என்னைப் பற்றி இரகசியக் குறிப்பேட்டில் மேலதிகாரிகள் எழுதியதெல்லாம் நான் படித்திருக்கிறேன். இவ்வளவு சரியாக ஒருவரும் எழுதியதில்லை.

காத்தாயி என்ன செய்கிறாள் என்று இலியாஸ் கேட்டார். நடுவர் கேட்டாக வேண்டிய கேள்வி. "கரை மேல நிக்கிறா" என்றார் செல்வராணி. கதிரெல்லாம் முங்குகிறதே என்றார் அருள், நிஜமாகவே வருத்தப்பட்டு. முங்கும் என்றார். பிறகு எழுந்து, கிராப் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டார். அவர் வரைந்தவை. யாரும் கேட்க முடியாது. படியிறங்கும்போது கீழே கடைப்பையனிடம் மழை விட்டிருக்கிறதா என்று விசாரித்தது எங்களுக்குக் கேட்டது.

அதற்குப்பின் இரண்டு ஞாயிறு கூடிப் பார்த்தோம். வரைபடம் இல்லாத உலகத்தில் எந்தப் பக்கம் நடப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக ஆள் உருவாக்கலாம் என்றார் ரகு. பிறப்புப் பட்டியலிலிருந்து ஆரம்பிப்போமா என்று கேட்டேன். அவர் அடுத்த வாரம் வரவில்லை. இப்போது கேட்டால் அதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறார். அருளுக்கு லாட்ஜில் ஞாயிறுதான் கூட்டமாம். முன்பெல்லாம் அது என்ன கிழமையில் இருந்ததோ. இலியாஸ் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மகனோடு மறுபடி சிங்கப்பூர் போய்விட்டார். மாடியில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிறார்கள். ரெக்சின் வாடை போய் ஈயம் உருகும் வாடை. ஒருநாள் ஏறிப் பார்த்தேன். மேசை இருந்த இடத்தில் யாருடையதோ திறந்த போன்கள். கட்டைகள் என்ன ஆயின என்று யாரிடம் கேட்பது? ஞாயிறு மதியம் இப்போது தூங்குகிறேன். உடம்புக்கு நல்லது என்கிறார்கள். செல்வராணி பதவி உயர்வில் வேறு கோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். இங்கே முறைப்படி பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருப்பார், சந்தேகமில்லை.

நான் மூன்றாம் நினைவூட்டு அனுப்பவில்லை. கோப்பை மனசுக்குள் முடித்துவிட்டேன். ஆனால் அங்கே யாரோ முடிக்கவில்லைபோல. ஒருநாள் காலையில் மின்னஞ்சல் வந்து கிடந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம். தங்கள் கேள்வியை விதிக்குழு கவனமாகப் பரிசீலித்தது. தாங்கள் புரிந்துகொண்டதே சரி. துணைநூலின் முன்னுரை அதன்பின் உருவாகும் பாத்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்த ஊர் தொடக்கத்திலிருந்தே அவருடையதுதான், அதை யாரும் எடுத்திருக்க முடியாது. தங்கள் மேசையில் ஆட்டம் இனிதே தொடர வாழ்த்துகள்.

அதைச் செல்வராணிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. வேறு ஒன்றும் வரவில்லை. தெருவில் பெண்கள் தாம்பாளங்களோடு படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி அச்செடுத்து, மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன். ஆடி பதினெட்டு.